விருந்தாளி வரிசை

ஈரோ காலைத் தேநீருக்கு வரவில்லை. மலையேற்றம் முழுவதும் கூடாரத்திலிருந்து முதலில் தலையை நீட்டுகிற ஆள் அவர்தான். மகள் ஐனோ பல் தேய்ப்பதற்குள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து, "என்ன மோருப், மலையெல்லாம் இருக்கா? ராத்திரி யாரும் தூக்கிட்டுப் போயிடலையே?" என்று கேட்பார். நடை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. இனி வழிகாட்டி மோருப்பின் வீட்டில் இன்னும் ஓர் இரவு, பிறகு ஜீப், விமானம், ஊர். மெத்தையைக் கண்ட அலுப்பு, தூங்கட்டும் என்று மோருப்பும் விட்டுவிட்டான். வெயில் முற்றத்துக்கு இறங்கியும் அறையில் சத்தமில்லை. உப்புத் தேநீரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான். பிறகு தள்ளினான்.

மனுஷர் சுவர்ப்பக்கம் திரும்பி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துப் படுத்திருந்தார். கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மோருப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொடலாமா கூடாதா என்பதே அந்த நிமிஷத்தில் அவனுக்கு விளங்கவில்லை.

இது கொஞ்சம் சொல்ல வேண்டிய விஷயம். மோருப்பின் ஊரான கியாம்ருவில் பிணத்தை யார் வேண்டுமானாலும் தொட்டுவிட முடியாது. பெற்ற பிள்ளையானாலும் கட்டின மனைவியானாலும் தள்ளி நின்று அழ வேண்டியதுதான். துடைப்பது, உட்கார வைத்துக் கட்டுவது, தூக்குவது, எரிப்பது எல்லாம் பஸ்புன்காரர்கள் வேலை. ஒரே குலதெய்வத்தை, ஒரே லாவைக் கும்பிடுகிற சில வீடுகள் சேர்ந்தால் ஒரு பஸ்புன். பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் என்றாலும் அவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். சாவுக்கு அவர்களைத் தவிர ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே ஒவ்வொரு பஸ்புனுக்கும் தனித்தனியாக மண்ணால் கட்டிய எரியடுப்பு இருக்கிறது. ஒருவர் அடுப்பில் இன்னொருவரை வைக்க முடியாது. பஸ்புன் இல்லாத ஒருவன் அந்த ஊரில் செத்ததே கிடையாது.

ஐனோ வந்தாள். நாற்பது வயதுப் பெண், தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். அப்புறம் ஆளனுப்பி, போலீஸ் வந்து, பின்னாலேயே டாக்டரும் வந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, மலைக்கும் வயசுக்கும் ஒத்துப்போகவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தூதரகத்தோடு பேச வேண்டியதையும் போனிலேயே பேசி முடித்தார்கள். மோருப் அதற்குள் ஜீப் டிரைவரிடம் பின்சீட்டைக் கழற்றச் சொல்லியிருந்தான்.

"லே ஊருக்கு எடுத்துட்டுப் போயிடலாம். அங்கேர்ந்து விமானத்துல உங்க ஊருக்கு. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஐனோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் மோருப். இங்கேயே எரிச்சிடலாம்."

"இங்கயா?"

"அப்பா கணவாய் மேல வச்சு சொன்னார். எனக்கு ஏதாவது ஆனா பெட்டியில அடைச்சு அனுப்பாதே, மோருப்போட ஆளுங்க தூக்குவாங்கன்னார். அவர் உங்க பஸ்புன் ஆச்சே."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் மோருப் சுற்றுமுற்றும் பார்த்தான். டிரைவர் வேறு பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். மோருப் அவனைப் பார்க்காமல், "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினான். மாடியின் வடக்கு மூலையில் அது நின்றுகொண்டிருந்தது.

*

அது ஒரு வெண்ணெய் டப்பா. பட்டாளத்துக்கு வரும் பெரிய தகர டப்பா. மோருப் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, உள்ளே மண்ணை நிரப்பி, ஷுக்பா என்கிற தூபத் தழையையும் வில்லோக் குச்சிகளையும் நட்டு, வெள்ளைப் பட்டுத் துண்டைக் கட்டி வைத்திருந்தான். பார்க்கிறவனுக்கு லாதோ. லா குடியிருக்கும் இடம். நிஜமான லாதோ ஊருக்கு மேலே முகட்டில் இருக்கிறது. காட்டாட்டுக் கொம்புகளும் கல்லும் தழையுமாக, ஊர் உண்டான நாளிலிருந்து இருக்கிறது.

மலையேற்றக் கம்பெனிக்காரர்கள் சில வருஷங்களுக்கு முன்னால் மோருப்பைக் கூப்பிட்டு, நடையும் மடாலயமும் மட்டும் போதாது, வருகிறவர்களுக்கு மனசில் நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார்கள். "ஒரு மலைக் குடும்பத்தில் ஒருவராகுங்கள்" என்று தலைப்பு வரைக்கும் அவர்களே வைத்துவிட்டார்கள். மோருப்பும் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டான். பஸ்புன் என்று ஒன்று உண்டு, லாவுக்கு மாவும் வெண்ணெயும் வைத்துப் பேரைச் சொன்னால் அதில் சேர்த்துக்கொள்வார்கள் என்று உளறித் தொலைத்தான். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கண்டவனையும் கூட்டிக்கொண்டு முகட்டுக்குப் போக முடியுமா? அவ்வளவு நெஞ்சழுத்தம் அவனுக்குக் கிடையாது. லா கோபித்துக்கொண்டால் ஆலங்கட்டி மழையில் பார்லி போகும். அதனால்தான் இந்த டப்பா. நிஜ லாவுக்குத் தீட்டில்லை, விருந்தாளிக்கும் சந்தோஷம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டான். இதில் தனக்குப் புண்ணியம்கூட உண்டு என்று நினைத்தான், அதுதான் கொடுமை. மந்திரத்தைப் பொய்யாகச் சொன்னால் பாவம் என்று பயந்து, வழியிலிருக்கும் கணவாய்களின் பேர்களை வரிசையாக முணுமுணுப்பான். விருந்தாளி மாவைத் தூவி, வெண்ணெயைத் தடவி, பார்லிக் கள்ளான சாங்கை ஊற்றுவார். "இன்னிலேர்ந்து நீங்க எங்க பஸ்புன். உங்க நல்லது கெட்டதுக்கு நாங்க" என்று கழுத்தில் துண்டைப் போடுவான். வெள்ளைக்காரர்கள் கண்கலங்கிப் போவார்கள். அதற்கப்புறம் ஊருக்குப் போய் மறந்துவிடுவார்கள். மோருப்பும் மறந்துவிடுவான்.

ஈரோதான் மறக்கிற ஆளாக இல்லை. கப்பலில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. துண்டைக் கழுத்தில் போட்டதும் அவர் சிரிக்கவில்லை. "உங்க நல்லது கெட்டதுக்கு எப்ப நான் வரணும்? நான் ரொம்ப தூரத்துல இருக்கேனே" என்று கவலையாகக் கேட்டார். நடந்துகொண்டிருக்கும்போதும் அதே பேச்சுதான். அவர் குடியிருக்கும் மாடியில் பக்கத்து வீட்டுக்காரன் செத்துப்போய், தபால் பெட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் யாருக்கும் தெரிந்ததாம். தூக்க நாலு பேர் இல்லாமல் கூலிக்கு ஆள் பிடித்தார்களாம். தக்சேர் மடாலயத்தில் சுவர்ச் சித்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, "செத்தவனுக்கு அந்தப் பக்கம் வழி காட்ட கைடு உண்டா?" என்று லாமாவைக் கேட்டார். லாமா சிரித்து, "உண்டு. ஆனா அந்த கைடு சொல்றதை ஒருத்தனும் கேக்கறதில்ல" என்றார். "எனக்குப் பரவாயில்ல, மோருப் இருக்கார்" என்று ஈரோ அவன் தோளில் தட்டினார். மோருப் அப்போது பல்லைக் காட்டிச் சிரித்தான்.

இப்போது அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கி, தொழுவத்தில் வறட்டிக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தான். நிமிர்ந்தால் எதிரே குன்சேஸ். அவன் மனைவி. பால் வாளியோடு நின்றாள்.

"சாமியைச் சாணிக்குள்ள ஒளிச்சாச்சா?"

"கத்தாதடி."

"நான் அன்னிக்கே சொன்னேன், டப்பாவுல சாமி வச்சு விளையாடாதீங்கன்னு. காதுல வாங்கினீங்களா?"

"விளையாட்டா பண்ணேன்? ஊர் லாவுக்குத் தீட்டு வரக்கூடாதுன்னு..."

"ஆமா, ரொம்ப பக்தி." வாளியை டக்கென்று கீழே வைத்தாள். "போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுங்க."

"அப்பன் செத்த அன்னிக்கு, உங்கப்பா கும்பிட்டது வெண்ணெய் டப்பாம்மான்னு சொல்லச் சொல்றியா? உனக்கு மனசு வருதா?"

"அப்ப ஆங்சுக் அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"அவர் என் தோலை உரிச்சிடுவார்."

"உரிக்கட்டும். தோலோட போச்சு." அவள் குரல் தணிந்தது. "அத்தை கிடக்கிற கிடப்பு தெரியுமில்ல? இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. பஸ்புன் நம்மைத் தள்ளி வச்சா அவங்களை யார் தூக்குவாங்க? நீங்களும் அந்த ஜீப் டிரைவருமா?"

மோருப்பின் அப்பாவை இதே பஸ்புன்தான் தூக்கியது. பஸ்புனில் பெரியவரான ஆங்சுக் முன்னால் தோள் கொடுத்தார். அந்த நாட்களில் மோருப் ஒரு விறகைக்கூட எடுக்கவில்லை, எடுக்க விடவில்லை. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டே இருந்தது. அழுவதற்கு மட்டும் அவனை விட்டார்கள்.

திரும்பிப் போய் ஐனோவிடம் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தான். அறுவடை நேரம், ஆள் கிடைக்காது என்றான். காத்திருக்கிறேன் என்றாள். நாள் நன்றாக இல்லை என்றான். நல்ல நாள் வரைக்கும் இருக்கிறேன் என்றாள். வெளியூர்க்காரர்களுக்கு இங்கே வழக்கமில்லை என்று கடைசியில் வாய்விட்டுச் சொன்னான்.

"அப்பா வெளியூர்க்காரர் இல்லையே" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "உங்க ஆளுங்ககிட்ட நானே வந்து கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க."

*

ஆங்சுக் ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர். இப்போது ஓடையடியில் மாவு மில் வைத்திருக்கிறார். தாடியிலும் புருவத்திலும் எப்போதும் மாவு. மோருப்பைச் சின்ன வயதில் ஓடையில் தள்ளி நீச்சல் பழக்கியவர், இன்றைக்கும் அவனை "டேய்" போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் வீட்டு அடுப்படியில் பஸ்புன் ஆண்கள் எல்லாரும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஐனோவுக்குக் கம்பளம் விரித்து முதல் தேநீர் அவளுக்குக் கொடுத்தார்கள்.

"சொல்லச் சொல்லுடா" என்றார் ஆங்சுக்.

ஐனோ ஆங்கிலத்தில் பேசினாள். அப்பாவுக்கு யாருமில்லாமல் போனதையும், தன் வீட்டு மாடியில் மோருப் அவரைத் தெய்வத்தின் முன்னால் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டதையும், நல்லது கெட்டதுக்கு நாங்கள் என்று வாக்குக் கொடுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாரும் மோருப்பின் வாயைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியது அவன்தானே.

"அவங்க அப்பாவுக்கு நம்ம ஊர் ரொம்பப் பிடிச்சிருந்ததாம். இங்கேயே எரிக்கணும்னு ஆசைப்பட்டாராம்" என்றான் மோருப்.

ஆங்சுக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணே."

"டேய், நான் வடகிழக்குல இங்கிலீஷ் பேசற ஆபீசருங்க கூட எத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்? அந்தப் பொண்ணு 'காட்'னு சொன்னா. 'ப்ராமிஸ்'னு சொன்னா. அதெல்லாம் எங்கடா போச்சு? வழியில விழுந்துடுச்சா?"

சுவரோரம் யாரோ கனைத்தார்கள். மோருப்பின் முகத்தில் ஈயாடவில்லை. ஐனோவுக்கு வார்த்தை புரியாவிட்டாலும், நம்பவில்லை போலிருக்கிறது என்று பட்டிருக்க வேண்டும். பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "போட்டோ இருக்கு. நான் மாடிப்படியில நின்னு எடுத்தது. பெண்கள் கிட்டே வரக்கூடாதுன்னு மோருப் சொன்னதால" என்று ஆங்சுக்கிடம் நீட்டினாள்.

ஆங்சுக் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அது சுவரோரமாகக் கை மாறி மாறிப் போய், கடைசி ஆளிடமிருந்து திரும்பி வந்தது.

"இது என்னடா?"

"அலங்காரம் அண்ணே. சும்மா, விருந்தாளிங்களுக்காக..."

"அலங்காரத்துக்கு எதுக்குடா சாங் ஊத்தறான் மனுஷன்? அலங்காரத்தைப் பாத்தா கை கூப்பிக்கிட்டு நிக்கறான்?"

"முகட்டுக்கு வெளி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகக்கூடாதேன்னுதான். லாவுக்கு ஆகாதேன்னு..."

"லாவுக்கு ஆகாதுன்னு நீயே ஒரு லா பண்ணிட்ட." ஆங்சுக் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால்கூட மோருப் பிழைத்திருப்பான். "உங்க அப்பனைத் தூக்கினேனே, இந்தத் தோள்ல. அது எந்த லா பேரைச் சொல்லிடா தூக்கினேன்?"

மோருப் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை பேர்கிட்ட இந்த மாதிரி வாக்குக் குடுத்திருக்க? எங்க எல்லார் பேரையும் சேத்துத்தானே குடுத்த? நாளைக்கு ஊர் ஊராப் போய் நாங்க தூக்கணுமா?"

"தப்புதான் அண்ணே. அவரை ஜீப்புல அனுப்பிடறேன். இத்தோட விட்டுடுங்க. டப்பாவை ஓடையில போட்டுடறேன்."

"அவரை ஏன்டா அனுப்பணும்?" என்றார் ஆங்சுக். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "இவங்க நடைக்குக் கிளம்பின அன்னிக்கு, விடிஞ்சும் விடியாததுமா நான் மில்லுக்குத் தண்ணி திருப்பப் போனேன். அந்த மனுஷன் தனியா முகட்டுல ஏறிக்கிட்டிருந்தாரு. அடிச்சு விரட்டணும்னுதான் பின்னாடியே ஓடினேன். போய்ப் பாத்தா, லாதோவுக்குக் கொஞ்சம் கீழயே நின்னுட்டாரு. தோல் பெல்ட்டைக் கழட்டிக் கல்லு மேல வச்சிருக்காரு. தொப்பி கையில. அவங்க ஊரு ரொட்டி, கறுப்பா, கல்லு மாதிரி ஒண்ணு கொண்டாந்திருக்காரு. இதுக்கு மேல நான் வரலாமான்னு கேட்டாரு. என்ன வேணும்னேன். பேரைச் சொல்லணும், அவ்வளவுதான்னாரு."

"நீ என்ன பண்ணே?" என்று சுவரோரத்தில் ஒருவர் கேட்டார்.

"என்ன பண்றது? ரொட்டியை வாங்கிட்டுப் போய் நானே வச்சேன். தழை கொளுத்திப் பேரைச் சொன்னேன். அது என் வாயில நுழையல. கீழேர்ந்து அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தாரு." ஆங்சுக் மூக்கை உறிஞ்சினார். "லா கேட்டாச்சு. அவர் நம்ம ஆளு. உடம்பு நம்ம அடுப்புலதான் எரியும்."

சுவரோரம் தலைகள் ஆடின. மோருப்புக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று இருந்தது. "அப்ப நான் போய் விறகு அடுக்கட்டுமா அண்ணே?" என்று எழுந்தான்.

"உக்காரு. நீ எதையும் தொடக்கூடாது."

"அண்ணே?"

"வீடு நம்ம வீடு. உங்க அம்மா நம்ம ஆளு. அவங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க இருக்கோம், பயப்படாதே. குன்சேஸும் பிள்ளைங்களும் நம்ம ஆளுங்கதான். நீ மட்டும் இல்ல."

"எது வரைக்கும்?"

"லாவைக் கேளு" என்றார் ஆங்சுக். "எந்த லாவைக் கேக்கறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

ஐனோ மோருப்பின் கையைத் தொட்டு, "என்ன சொல்றாங்க? ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ஒத்துக்கிட்டாங்க" என்றான் மோருப். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அன்றைக்கு அவன் சரியாக மொழிபெயர்த்தான்.

அவள் எழுந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கை கூப்பினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

*

லாமா நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரைக்கும் மோருப்பின் வீடு மோருப்பின் வீடாக இல்லை. பஸ்புன்காரர்கள் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று குன்சேஸைக் கேட்டார்கள், அம்மாவைக் கேட்டார்கள், பிள்ளைகளைக்கூடக் கேட்டார்கள். அவனை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் முறைக்கவும் இல்லை. வழியில் நின்றால் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் ஒருமுறை பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனபோது, ஓர் ஆள் பேசாமல் வந்து குடத்தை வாங்கிக்கொண்டு போனான்.

மூலையில் படுத்திருந்த அம்மாவுக்குக் கண் தெரியாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். "யாருடா போயிட்டது?" என்று கேட்டாள்.

"ஒரு விருந்தாளிம்மா."

"நம்ம பஸ்புன்னு சொல்றாங்களே?"

"ஆமாம்மா."

"அப்புறம் நீ ஏன்டா இங்க உக்காந்திருக்க? போய் வேலையைப் பாரு. ஊர் என்ன பேசும்?"

மோருப் எழுந்து தொழுவத்துக்குப் போய், மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வறட்டிக்குப் பின்னால் டப்பாவின் சிவப்பு தெரிந்தது. எத்தனையோ பேருக்கு அவன் வழி காட்டியிருக்கிறான். ஒருத்தனைக்கூட வழியில் தொலைத்ததில்லை என்று கம்பெனியில் அவனுக்கு நல்ல பேர்.

குறித்த நாள் காலையில் ஈரோவை உட்கார வைத்து வெள்ளைத் துணியில் கட்டி, வண்ணத் துணி போர்த்திய பல்லக்கில் ஏற்றினார்கள். உயரமான மனுஷர், கட்டியதும் சின்னப் பையன் அளவுக்கு ஆகிவிட்டிருந்தார். லாமாக்கள் முன்னே போக, ஆங்சுக் முன்கட்டைக்குத் தோள் கொடுத்தார். இன்னும் மூன்று பேர். நாலு பேர். பின்னாலேயே மாற்றுத் தோளுக்கு மற்றவர்கள். பார்லி அரிந்துகொண்டிருந்த வயல்களில் சனங்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

ஊர்க்கோடியில் மணிச்சுவர் இருக்கிறது. மந்திரக் கற்களை அடுக்கிய நீண்ட சுவர். பெண்கள் அதற்கு அப்பால் போவதில்லை. குன்சேஸும் மற்றப் பெண்களும் நின்றார்கள், ஐனோவும் நின்றாள். ஆண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மோருப்பின் கால்கள் தாமாகவே இரண்டு எட்டு வைத்தன. பின்வரிசையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மோருப் பெண்களோடு நின்றுவிட்டான்.

அவன் வயசில் ஒரு ஆண்பிள்ளை மணிச்சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று இடம்விட்டார்கள். குன்சேஸ் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தூரத்தில் எரியடுப்பிலிருந்து முதல் புகை கிளம்பியது. ஐனோ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக நின்னுட்டீங்க. நீங்களும் அங்க போக வேண்டியவர்தானே? தனியா விடக்கூடாதுன்னு நின்னுட்டீங்க. ரொம்ப நன்றி மோருப்."

அதை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பாள். ஆனால் மோருப்பால் முடியவில்லை. இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது அப்படியே வெளியே வந்துவிட்டது.

"உங்களுக்காக இல்லீங்க. என்னை விடலை. மாடியில இருந்தது லாதோவே இல்ல. வெண்ணெய் டப்பா. நான் சொன்னதும் மந்திரமில்ல, கணவாய் பேரு. உங்க அப்பாவை ஏமாத்தினேன். வந்தவங்க எல்லாரையும் ஏமாத்தினேன்."

ஐனோ கையை எடுக்கவில்லை. புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பான்னு அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"வெண்ணெய் தடவும்போதே பாத்துட்டார். பின்பக்கம் பெயிண்ட் சரியா அடிக்கலையாம், மாட்டுப் படம் தெரிஞ்சுதாம். ராத்திரி என்கிட்ட சொல்லிச் சிரிச்சார். எனக்குத்தான் கோபம் வந்துது, கம்பெனிக்கு எழுதறேன்னேன். அப்பா விடலை. 'மோருப் நல்லவன், கூச்சக்காரன். முதல் நாளே வீட்டுச் சாவியைக் குடுப்பாங்களா? இது வாசல். உள்ளே வர இஷ்டமிருக்கிறவன் நிஜமானதைத் தானே தேடிப் போகட்டும்னு விட்டிருக்கான். நான் போறேன்'னார்."

அந்த மனுஷர் நடையெல்லாம் மோருப்பின் தோளைத் தட்டியது, "எனக்கு மோருப் இருக்கார்" என்றது எல்லாம் தெரிந்தேதான் என்று புரிந்தபோது, அப்பா செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. பெண்களுக்கு நடுவில் நின்று, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல், ஏங்கி ஏங்கி அழுதான். ஐனோ அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பனைப் பறிகொடுத்தவள் அவள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் ஷுக்பா புகையில் கையையும் முகத்தையும் காட்டி, தண்ணீர் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அடுப்படியில் பெரிய சட்டியில் துக்பா சூப் கொதித்தது. பஸ்புன்காரர்கள் அடுப்போரம் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கும், ஜீப் டிரைவருக்கும், போலீஸ்காரருக்கும் ஜன்னலோரமாக விருந்தாளி வரிசை போட்டிருந்தது. ஆங்சுக் கரண்டியோடு நின்றார். ஐனோவைப் பார்த்ததும், "வாம்மா தங்கச்சி, இப்படி அடுப்புப் பக்கம் வா. அங்க ஏன் நிக்கற? நம்ம வீடுதானே" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கூப்பிட்டு, தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

மோருப் வாசற்படியில் நின்றான். அவன் வீடு, அவன் அப்பா கட்டிய அடுப்பு. அந்த அடுப்புக்கு வலது கையில் அவன் இடம். அங்கே ஒரு கிண்ணம்கூட வைத்திருக்கவில்லை. 'டேய்' என்று ஒரு வார்த்தை கூப்பிடமாட்டாரா, வயிற்றெரிச்சலோடு ஒரு வசவு வராதா என்று ஆங்சுக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆங்சுக் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. வெளியூர்க்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, கரண்டியால் ஜன்னல் பக்கம் காட்டினார்.

"வாங்க சார். நீங்க அந்த வரிசையில உக்காருங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மோருப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.